இரண்டு கரண்டி

சர்க்கரை உருகிப் பொன்னிறத்துக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் உள்ளறையிலிருந்து டம்ளர் சத்தம் கேட்டது. உரக்கக் கூப்பிடத் தெம்பில்லாமல் போன பிறகு அண்ணி கண்டுபிடித்த வழி அது. எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் வேண்டும், இரண்டு தட்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விடாமல் தட்டினால் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும்.

இப்போது விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணியின் தம்பி மனைவியான சின்னவள் அடுப்பைப் பார்த்தாள், அறைக்கதவைப் பார்த்தாள். டாஃபிக்குச் சர்க்கரை காய்ச்சும்போது பாதியில் விட்டுவிட்டு நகரக் கூடாது என்று அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்த முதல் டிசம்பரிலேயே சொல்லிக் கொடுத்தவள் அண்ணிதான். "புள்ள அழுதாக்கூடக் கொஞ்ச நேரம் அழட்டும்னு விடலாம். சர்க்கரை அழாது. ஒரேயடியா கோவிச்சுக்கும்" என்பாள். அப்படிச் சொன்னவளேதான் இப்போது தட்டுகிறாள். சின்னவள் தீயைக் குறைத்துவிட்டு ஓடினாள்.

அண்ணி தலையணையிலிருந்து சரிந்து கட்டிலின் ஓரத்துக்கு வந்திருந்தாள். முகம் எலுமிச்சை நிறத்துக்குப் போயிருந்தது. ஆனால் அவள் தட்டியது அதற்காக இல்லை.

"டின் எல்லாம் தொடச்சாச்சா?"

"இதுக்கா அண்ணி இப்படித் தட்டினீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு."

"போன வருஷம் தபால்காரர் வீட்டு டின்னுல துரு இருந்துச்சு. பார்த்துத் தொடைக்கணும்."

"உங்க தம்பி தொடைக்கிறாரு. அதுக்குன்னுதான் பஸ் டெப்போவுக்கு லீவு போட்டுட்டு உக்காந்திருக்காரு."

அண்ணியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தலையணையைச் சரி செய்து, விலகிக் கிடந்த போர்வையை இழுத்து விடுவதற்குள் சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை, ஆனாலும் கனத்தாள். நோயாளிகள் எப்படித்தான் இவ்வளவு கனக்கிறார்களோ என்று சின்னவள் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். தையல் கடைக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. இடுப்பு வலி இப்போதெல்லாம் உடம்பிலேயே குடியிருந்தது. அன்பாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று தெருவே சொன்னது. உண்மையில் அன்பு, கோபம் எதற்கும் அவளிடம் தெம்பு இல்லை. தூங்கினால் போதும் என்றிருந்தது.

திரும்பி வந்தபோது சர்க்கரை பொன்னிறம் தாண்டி, தேன் நிறம் தாண்டி, காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போயிருந்தது. கருகல் வாசனை வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. பினாயில் வாசனையும் மருந்து வாசனையும் ஏறிய மூக்கை அவள் நம்பவில்லை. வீட்டில் இருந்த கடைசிச் சர்க்கரை அது. வெண்ணெய் சரிக்கட்டிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெண்ணெயையும் பாலாடையையும் அதில் கொட்டினாள். பொங்கி எழுந்து ஆத்திரத்தோடு அடங்கியது.

பழக் கேக் ஒரு வாரத்துக்கு முன்பே முடிந்து, எண்ணெய்த்தாளில் சுற்றி அலமாரியில் இருந்தது. துணியில் கட்டி ஆவியில் அவித்த புட்டிங் கொக்கியில் தொங்கியது. பாக்கி டாஃபி மட்டும்தான். மூன்றும் சேர்ந்தால்தான் டின் நிறையும். டின் நிறைந்தால்தான் கிறிஸ்துமஸ். தெருவில் அண்ணிக்குப் பெயரே கேக் அக்காதான். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவளுடைய தகர டின்கள் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போகும். ஜனவரியில் காலி டின்கள் கழுவித் திரும்பி வரும். இந்த வருஷமும் போக வேண்டும், தனக்கு இவ்வளவு முடியவில்லை என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் அண்ணி ஒற்றைக்காலில் நின்றாள். காலே தரையில் ஊன்ற முடியாதவள் எப்படித்தான் அவ்வளவு உறுதியாக நின்றாளோ.

இந்த வீட்டுச் சமையலறையில் ஒரு வழக்கம் உண்டு. எது செய்தாலும் முதல் ருசி இரண்டு கரண்டியில் எடுக்கப்படும். ஒன்று அண்ணிக்கு, ஒன்று சின்னவளுக்கு. இருவரும் ஒரே நேரத்தில் வாயில் வைக்க வேண்டும். அண்ணி கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு கண்ணைத் திறந்து, "என்ன?" என்று கேட்பாள். சின்னவள், "உப்பு ஒரு சிட்டிகை போட்டா இனிப்ப எடுத்துக் காட்டும்" என்பாள். அல்லது, "பட்டை தூக்கலா இருக்கு" என்பாள். உடனே அண்ணி, "அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்பாள்.

ஒரு வருஷமா இரண்டு வருஷமா. ஒவ்வொரு டிசம்பரும், ஒவ்வொரு சட்டிக்கும், அதத்தான் நானும் சொல்ல வந்தேன். அப்படியானால் முதலிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சரியாக வந்துவிட்டால் மட்டும் அண்ணி தலையை ஆட்டி, "பரவாயில்ல" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தெருவே கேக் அக்காவின் கைப்பக்குவத்தைக் கொண்டாடும்போது, பக்கத்தில் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு சின்னவள் சிரித்தபடி நிற்பாள். அவளுக்குப் பேராசை ஒன்றும் இல்லை. நல்லா இருக்கு என்று அண்ணி வாயால் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் எல்லாவற்றையும் அவள் தனியாகச் செய்திருந்தாள். கேட்க வேண்டுமென்றால் இந்த வருஷம்தான் கேட்க வேண்டும். அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்பதை மாடியில் குடியிருக்கும் நர்ஸ் காலையிலேயே மாடிப்படியில் நிறுத்திச் சொல்லிவிட்டாள்.

டாஃபியைத் தட்டில் ஊற்றி, சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்ததை ஒரு கரண்டியில் வழித்து, ஊதி ஆறவைத்துக்கொண்டு அறைக்குப் போனாள். வேண்டுமென்றேதான் ஒரு கரண்டி எடுத்துப் போனாள்.

"உனக்கு?" என்றாள் அண்ணி.

"நீங்க மொதல்ல பாருங்க. இந்த ஒரு தடவ நீங்களே சொல்லுங்க."

கரண்டி நுனியை அண்ணியின் நாக்கில் தொட்டுவிட்டாள். அண்ணி கண்ணை மூடவில்லை. சின்னவளின் முகத்தையே பார்த்தாள். நெற்றி, கண், வாய் என்று தேடித் தேடிப் பார்த்தாள். வெளியே தம்பிக்காரன் டின்னைத் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லா இருக்கு" என்றாள் அண்ணி.

சின்னவள் சமையலறைக்கு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் பட்ட பாடு இந்த ஒரு சொல்லில் கரைந்துவிட்டதா என்றால், ஆமாம், கரைந்துதான் போயிற்று. மனுஷ மனம் அவ்வளவு மலிவு. சிரிப்பும் அழுகையுமாகக் கரண்டியில் மிச்சமிருந்ததைத் தன் வாயில் வைத்தாள்.

கசந்தது. வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி நாக்கின் அடி வரைக்கும் கசந்தது. அவள் அதைத் தொட்டியில் துப்பினாள்.

சிறிது நேரம் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கருகலை அறியாத ஆளா அண்ணி? அப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து கொட்டை உரித்துக்கொண்டிருந்த அண்ணி. எரிவாயு கசிந்த அன்று, "என்ன ஆச்சு, ஏன் ஜன்னலத் திறக்கற?" என்று கேட்ட அண்ணி. நிறத்தைப் பார், சத்தத்தைக் கேள், விரலால் உருட்டிப் பார் என்று ஓயாமல் சொன்னவள், வாசனையைப் பார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அது கசக்குது."

அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்பவா?"

"வாயில வைக்க முடியல."

"உன் மூஞ்சில ஒண்ணும் தெரியல. நீ இன்னும் ருசி பார்க்கலன்னு அப்புறம்தான் புத்திக்கு எட்டுச்சு. அதுக்குள்ள சொல்லிட்டேன்."

"எப்பலேருந்து?"

அண்ணி தண்ணீர் கேட்டாள். இரண்டு மிடறு குடித்துவிட்டு, விட்டு விட்டுச் சொன்னாள். "நீ வர்றதுக்கு முந்தின வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போயிடுச்சு. நாக்கும் மூக்கும் திரும்பி வரல. எதைப் போட்டாலும் மெழுக மெல்லுற மாதிரி. அந்த வருஷமும் கேக் செஞ்சேன். எதிர்வீட்டுக்காரி அதைக் குப்பைத் தொட்டியில போட்டா. ஜன்னல்லேருந்து பார்த்தேன். என்கிட்ட நல்லா இருந்துச்சுக்கான்னுதான் சொன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வந்த. வந்த அன்னிக்கே, காப்பில ஒரு வாய் குடிச்சிட்டு, பால் லேசா அடிப்பிடிச்சிருக்குன்னு சொன்ன. தம்பி முழு டம்ளரையும் குடிச்சு முடிச்சிருந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியல."

"அதுக்குத்தானே ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க?"

"தூக்கி வைக்கல. யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு முடிவதற்குள் இன்னொன்று உறைத்தது. கல்யாணமான புதிதில் டெப்போ பக்கத்தில் தனி வீடு பார்த்து, முன்பணம் கொடுக்கிற வரைக்கும் போயிருந்தார்கள். அண்ணி அழுத அழுகையில் அது நின்றுபோயிற்று. கணவன் இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள், தம்பியைப் பிரிய மாட்டாமல் அழுகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜன்னல் வழியாக மரம் தெரியும் அந்த வீட்டுக்காகச் சின்னவளும் ரகசியமாக அழுதிருந்தாள்.

"தனி வீடு பார்த்தப்ப நீங்க அழுதீங்களே. அது உங்க தம்பிக்காக இல்லையா?"

"அவனுக்காகவும் கொஞ்சம் அழுதேன்."

இப்போது சின்னவளுக்குக் கோபம் வந்தது. களைப்பையெல்லாம் தாண்டிக்கொண்டு வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி. நான் என்ன, தெருவெல்லாம் தண்டோரா போட்டிருப்பேனா?"

"சொல்லியிருந்தா அது உன் டின்னா ஆகியிருக்கும்" என்றாள் அண்ணி. "வீடு தம்பி வீடு. சமையலறை நீ வந்ததும் உன்னோடது. எனக்குன்னு வேற என்ன இருந்துச்சு, சொல்லு?"

அண்ணி கையை நகர்த்தி அவள் விரலைத் தொட்டாள். "யார்கிட்டயும் சொல்லாத. நான் போனப்புறமும்."

சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான், காசா பணமா. ஆனால் அந்த நேரத்தில் வாய் வரவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு, கழுவி வைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டாள். தன்னை ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் காக்க வைத்தவள், தன்னுடைய ஒரு வார்த்தைக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டுமே என்றுதான் நினைத்தாள்.

டம்ளரைக் கழுவினாள். சட்டியை ஊறப்போட்டாள். அப்படியே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தவள், சுவரில் தலையைச் சாய்த்து அசந்துபோனாள். தம்பிக்காரன் வந்து தோளைத் தொட்டபோது சாயங்கால வெயில் சுவரில் ஏறியிருந்தது. அவன் கையில் டின் துடைத்த துணி இருந்தது. அவன் முகமே சொல்லிவிட்டது.

அண்ணி தட்டும் டம்ளர் சின்னவளிடமே இருந்தது. அண்ணி தட்ட நினைத்தாளோ என்னவோ. கரண்டி மட்டும் போர்வை மேல் கிடந்தது.

மறுநாள் காலையில் வீடு நிறைய ஆட்கள். முன்னறையில் பெட்டிக்குள் அண்ணி, நல்ல சேலையில், வாயை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தாள். சின்னவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. சரி என்று சொல்லாமல் எழுந்து போனதே நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அழுதால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று பயமாக இருந்தது. யாராவது தோளில் கை வைத்தால் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாடி நர்ஸ்தான் சமையலறையைப் பார்த்துக்கொண்டாள். நல்ல மனசு, சுறுசுறுப்பு, கேட்டுச் செய்யும் பழக்கம் மட்டும் கிடையாது. வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள். மேடையில் ஒரு தட்டு நிறைய டாஃபி உறைந்து கிடப்பதைப் பார்த்தாள். உடைத்து, கிண்ணத்தில் போட்டு, காப்பியோடு எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டாள்.

"கேக் அக்கா வீட்டுல கடைசியாச் செஞ்சது. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க."

சின்னவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கிண்ணம் பாதி காலியாகிவிட்டது. மறுக்க யாருக்கு மனசு வரும்? பிரசாதம் வாங்குவது போலப் பணிவாக வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். தபால்காரர் போட்ட மாத்திரத்தில் கண் கலங்கி, "ஆகா, அதே ருசி. அந்தக் கை போயிடுச்சே" என்றார். அவர் கண் எதனால் கலங்கியது என்று சின்னவளுக்குத் தெரியும். இன்னொருவர் மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். வேறொருவர் இருமுவது போலக் கைக்குட்டையை எடுத்தார். துக்க வீட்டில் மனிதர்களுக்கு எவ்வளவு மரியாதை வந்துவிடுகிறது.

எதிர்வீட்டு அம்மாவுக்கு அந்த மரியாதை கொஞ்சம் குறைவு. கடித்தவள் முகத்தைச் சுளித்தாள். "என்னது, கசக்குது?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அறை முழுக்கக் கேட்டது. "பாவம், கடைசியில கை தடுமாறிடுச்சு போல. இல்ல, முன்னாடி ஒரு வருஷம்கூட இப்படித்தான். ரொம்ப வருஷம் ஆச்சு. அப்ப கொடுத்த கேக்கை..."

"அது நான் செஞ்சது" என்றாள் சின்னவள்.

காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. எல்லோரும் திரும்பினார்கள்.

"நேத்து நான் செஞ்சது. அடுப்புல விட்டுட்டேன், கருகிப்போச்சு. அண்ணி கை இதுல படவே இல்ல. மத்ததெல்லாம் அவங்க பக்கத்துல இருந்து பார்த்துச் சொன்னது. இது ஒண்ணுதான் நான் தனியாப் பண்ணது."

அறையில் ஒரு நிம்மதி பரவியது. தபால்காரர் வாயிலிருந்ததை இப்போது தைரியமாகக் காகிதத்தில் துப்பி மடித்துக்கொண்டார். "அதானே பார்த்தேன். அவங்க கை பட்டிருந்தா இப்படி வருமா?" என்றார்.

எதிர்வீட்டு அம்மா எழுந்து வந்து, சின்னவளின் தலையை அன்போடு தடவினாள். சொல்ல வந்த பழைய கதையை அவள் மறந்தே போயிருந்தாள். "விடும்மா. அது எல்லாருக்கும் வந்துடாது. என்ன, இத்தனை வருஷம் கூடவே இருந்தும் கத்துக்காம விட்டுட்டியே."

"ஆமாங்க" என்றாள் சின்னவள். "விட்டுட்டேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. மடை திறந்தது போல வந்தது. பாவம், அவமானமாப் போச்சு அந்தப் பொண்ணுக்கு என்று நர்ஸ் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அடக்கம் முடிந்து, இரவல் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்து, தரையைக் கழுவி விட்ட பிறகு வீடு பெரிதாகத் தெரிந்தது. தம்பிக்காரன் வெளியே போனவன் ஒரு பையோடு வந்தான். சர்க்கரையும் வெண்ணெயும் இருந்தன.

"டின் போகணும்னு சொல்லிட்டே இருந்தா" என்றான். அப்புறம் சட்டை பட்டனைத் திருகியபடி, "நீ எதையும் கருக விட்டு நான் பார்த்ததில்ல" என்றான்.

"நேத்து விட்டேன்."

அவன் இன்னும் ஏதோ கேட்கப் போனான். அவள் பையிலிருந்து சர்க்கரையை எடுத்துப் பிரித்தாள். அவன் டின்களுக்குத் தாள் வெட்டப் போனான்.

ஊறிய சட்டியைக் கரி போகத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஏற்றினாள். கால் வலித்தது. நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, ஆனாலும் உட்காரவில்லை. சர்க்கரை உருகி, பொன்னிறத்துக்கு வந்து, தேன் நிறத்தைத் தொட்டதும் வெண்ணெயைப் போட்டாள். இடையில் ஒரு தடவை உள்ளறைப் பக்கம் காது கொடுத்தாள். பிறகு கிளற ஆரம்பித்தாள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டு உருட்டி, டம்ளரில் போட்டுப் பார்த்தாள். டங்கென்று விழுந்தது.

இழுப்பறையிலிருந்து இரண்டு கரண்டி எடுத்தாள். ஒன்றில் ருசி பார்த்தாள்.

"உப்பு ஒரு சிட்டிகை" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டியைப் பார்த்தாள்.

உப்பைப் போட்டுக் கிளறித் தட்டில் ஊற்றினாள். பிறகு இரண்டு கரண்டியையும் கழுவி, துடைத்து, உள்ளே வைத்தாள்.